பல் செட்டுக்கு ஈடாக நூற்றுப் பன்னிரண்டு ரேஸ் புத்தகங்கள்

பல் செட் செய்பவர் தன் வாழ்நாளில் ஒரு குதிரையைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. ரேஸ் மைதானத்துக்கு இரண்டே முறை போயிருக்கிறார், இரண்டு முறையும் ஒரு டிக்கெட்கூட வாங்காமல் திரும்பியிருக்கிறார். ஆனால் குதிரைகளைப் பற்றி அவரிடம் வாய் கொடுத்தவர்கள் லேசில் தப்பியதில்லை. பல் மருத்துவமனையின் பின்பக்க அறையில், பிளாஸ்டர் தூசிக்கும் உருகிய மெழுகின் வாசனைக்கும் நடுவே, இருபத்திரண்டு வருடங்களாக அடுத்தவர் வாய்க்குப் பல் அடுக்கிக்கொண்டிருந்தார். கை பல்லை அடுக்கும், மனசு குதிரையை ஓட்டும்.

அவர் கண்டுபிடித்து வைத்திருந்த சூத்திரம் இதுதான். ஒவ்வொரு குதிரையும் எவ்வளவு எடை சுமக்க வேண்டும் என்று ரேஸ் நடத்துகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். போன ரேஸில் நாலாவதாக வந்த குதிரைக்கு இந்த முறை எடையைக் குறைத்திருந்தால், கண்ணை மூடிக்கொண்டு அதன் மேல் கட்டலாம். இதைக் கண்டுபிடித்த அன்று மனிதருக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

கட்டுவதற்குப் பணம் வேண்டுமே. இருந்தது ஒரே ஒரு டெபாசிட். என்றைக்காவது சொந்தமாக ஒரு பட்டறை வைக்கலாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் பன்னிரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு சேர்த்தது. அதன் மேல்தான் அவர் கை வைக்கப் பார்த்தார். அவர் மனைவி சட்டைத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவள். கோணல் பொத்தானைப் பத்தடி தள்ளி நின்றே கண்டுபிடிப்பாள். அவள் அழவும் இல்லை, திட்டவும் இல்லை.

“ஐநூறு ரேஸ் காகிதத்துல ஓட்டிக் காட்டுங்க. எல்லாம் நிஜமா நடந்த ரேஸா இருக்கணும். தேறுச்சுன்னா நானே கையெழுத்துப் போட்டுத் தர்றேன். தேறலைன்னா குதிரைங்கிற வார்த்தையே இந்த வீட்டுல வரக்கூடாது.”

“இவ்வளவுதானா?” என்று துள்ளினார் பாவம். பழைய ரேஸ் முடிவுகள் குப்பை மாதிரி எங்கேயும் கிடக்கும் என்று நினைத்துவிட்டார்.

கிடக்கவில்லை. இணையத்தில் ஒரு கம்பெனி பத்து வருட முடிவுகளை விற்றுக்கொண்டிருந்தது. கேட்ட விலை அவருடைய ஆறு மாதச் சம்பளம். கிளப் ஆபீசில் இருந்த பெண்மணி, இரண்டு வருடத்துக்கு முந்தையதை எல்லாம் எடைக்குப் போட்டுவிட்டோம் என்று தலை நிமிராமல் சொன்னாள். பொது நூலகத்தில் பழைய செய்தித்தாள் கட்டுகள் இருப்பதைப் பார்த்ததும் அவருக்கு உச்சி குளிர்ந்துபோனது. பிரித்தால் ரேஸ் பக்கத்தில் மட்டும் ஜன்னல் ஜன்னலாக ஓட்டை. இவருக்கு முன்னால் வந்த சூத்திரக்காரர்கள் பிளேடு போட்டு அறுத்துக்கொண்டு போயிருந்தார்கள். நூலகர் இவரைப் பார்த்த பார்வையில், இவர் சட்டைப்பையிலும் ஒரு பிளேடு இருக்கும் என்ற முடிவு தெரிந்தது.

இப்படி மூன்று மாதம் அலைந்து ஓய்ந்த நேரத்தில்தான் அந்த அம்மா வந்தார். எழுபதைத் தாண்டியவர். புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு பல் செட்டின் விலையைக் கேட்டார். சொன்னதும் எழுந்துவிட்டார்.

“அவ்வளவுக்கு எங்க தம்பி போவேன்? எங்க வீட்டுக்காரர் போனப்ப எனக்கு வச்சிட்டுப் போனது ஒரு அலமாரி ரேஸ் புத்தகம்தான்.”

பல் செட் செய்பவர் கையிலிருந்த கீழ்த்தாடை அச்சை மெல்லக் கீழே வைத்தார்.

பேரம் ஒரு நிமிடத்தில் முடிந்தது. டாக்டர் நல்ல மனிதர், அளவு எடுக்கக் காசு வேண்டாம் என்றுவிட்டார். சாமான் செலவும் உழைப்பும் இவருடையது. பதிலுக்கு நூற்றுப் பன்னிரண்டு ரேஸ் புத்தகங்கள். ஒவ்வொன்றிலும் அன்றைய குதிரைகள், அவற்றின் முந்தைய ஓட்டங்கள், எடை எல்லாம் அச்சில் இருந்தன. பக்கத்தில், ஜெயித்த குதிரையும் அதன் மேல் கட்டியவர்களுக்குக் கிடைத்த பணமும் அந்த அம்மாவின் கணவருடைய குண்டுக் கையெழுத்தில். நீலப் பென்சிலால் அவர் பந்தயம் கட்டிய குதிரைக்கு ஒரு டிக். அந்த டிக்குகளில் முக்கால்வாசி இவருடைய சூத்திரத்துக் குதிரைகள் மேலேயே விழுந்திருந்தன. பார்த்ததும் பல் செட் செய்பவருக்குக் கண் கலங்கிவிட்டது. முகம் தெரியாத ஒரு அண்ணன் கிடைத்த சந்தோஷம்.

தேதிகள் நெடுகவே விட்டுப்போயிருந்தன, சில இடங்களில் நாலு மாதம் ஐந்து மாதம்கூட. மனுஷன் ஊரில் இல்லாமல் இருந்திருப்பார், இல்லாவிட்டால் கரையான் தின்றிருக்கும் என்று தாண்டிப் போனார். பல்லில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் செட்டைத் திரும்ப உருக்குகிற ஆள், இதை விட்டுவிட்டார்.

ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து ஐநூறு ரேஸ் ஓட்டினார். நூற்றுத் தொண்ணூற்றாறு ஜெயம். போட்டது ஒன்றரை மடங்காகத் திரும்பியிருக்கும். மனைவி நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். கூட்டலில் தப்பில்லை. சொன்ன சொல்லை மீறுகிறவள் இல்லை அவள்.

“நாளைக்கு பேங்க்ல டெபாசிட்டை எடுக்க ஃபாரம் வாங்கிட்டு வர்றேன்” என்றாள். அன்று ராத்திரி அவள் சரியாகச் சாப்பிடவில்லை என்பதை அவர் கவனித்தார், கவனிக்காத மாதிரி இருந்துவிட்டார்.

மறுநாள் மதியம் அந்த அம்மாவுக்குச் செட்டை மாட்டிப் பார்க்கும் நாள். மேல் செட்டு, கீழ் செட்டு இரண்டும் கச்சிதமாக உட்கார்ந்தன. பேசிப் பாருங்கள் என்றார் இவர். கேட்க வேண்டுமா? தலைப்பு வாயை விட்டு இறங்கியது, பல் போனதிலிருந்து நாலு வருடம் அடைத்து வைத்திருந்த பேச்சு மொத்தமும் வெளியே வந்தது.

“முப்பது வருஷம் தம்பி. ஒரு வாரம் தவறினதில்ல. காய்ச்சலோட போயிருக்காரு, எங்க பொண்ணு கல்யாணத்துக்கு மறுநாளே போயிருக்காரு. சுமை இறங்கினா எந்தக் குதிரையும் ஓடும்பாரு.”

“வாரா வாரமா?” என்றார் பல் செட் செய்பவர். “புத்தகம் நூத்திப் பன்னெண்டுதானேம்மா இருந்துச்சு?”

“தோத்த நாள் புத்தகம் வீட்டுக்கு எங்க வரும்? மைதானத்து வாசல்லயே கிழிச்சுப் போட்டுட்டு வருவாரு. வந்து சுவத்தப் பார்த்துப் படுத்துக்குவாரு. ஒரு வார்த்தை பேச மாட்டாரு, நானும் கேட்க மாட்டேன். ஜெயிச்ச நாள் புத்தகம்தான் அலமாரிக்குப் போகும்.”

பல் செட் செய்பவர் மனசுக்குள் கணக்குப் போட்டார். வருடத்துக்கு ஐம்பது வாரம் என்று வைத்தாலும் ஆயிரத்து ஐநூறு நாள். அதில் ஜெயித்த நாள்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, ஜெயிக்கிறது, ஜெயிக்கிறது என்று ஆறு ஞாயிற்றுக்கிழமை குதித்திருக்கிறார்.

அந்த அம்மாவோ வேறு கணக்கில் இருந்தார். “நூத்திப் பன்னெண்டா? நிஜமாவா எண்ணினீங்க? நான் ஒரு அம்பது இருக்கும்னு நினைச்சேன். அத்தனை நாள் சிரிச்சுக்கிட்டு வந்திருக்காரா!” புதுப் பல் முழுதும் தெரியச் சிரித்தவர், சட்டென்று குரலைத் தாழ்த்தினார். “தம்பி, உங்க வேலை முடிஞ்சிருந்தா அதைத் திருப்பித் தர்றீங்களா? செட்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமா கொடுத்துடறேன்.”

“காசெல்லாம் வேண்டாம்மா. கொண்டு வந்து அடுக்கியே தர்றேன்.”

வீட்டுக்கு வந்தபோது மேசை மேல் ஃபாரம் இருந்தது. அவள் கையெழுத்துப் போட்டுவிட்டிருந்தாள், பேனாவை மூடிப் பக்கத்திலேயே வைத்திருந்தாள். அந்த அம்மா சொன்னது இந்த உலகத்தில் இவர் ஒருவருக்குத்தான் தெரியும். இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் டெபாசிட் கைக்கு வந்துவிடும். அந்த ஆசை அவருக்கு இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே வெகுநேரம் நின்றார்.

பிறகு செருப்போடேயே உள்ளே போய் ஒன்று விடாமல் சொன்னார். சொல்லச் சொல்லத் தலை தொங்கிப்போனது.

“சட்டைக் கட்டுலருந்து நல்லதா மட்டும் பொறுக்கி, தரம் பாருன்னு என் கையில கொடுத்துட்டீங்க” என்றாள் அவள்.

“எனக்கே தெரியாம” என்றார். “சரி, சொன்ன மாதிரியே இருக்கட்டும். இனிமே இந்த வீட்டுல அந்த வார்த்தை வராது.”

அவள் ஃபாரத்தை எடுத்து நாலாக மடித்தாள்.

“குதிரைன்னு தாராளமா சொல்லிக்கோங்க” என்றாள். “சுவத்தப் பார்த்துப் படுத்துக்காம என்கிட்ட வந்து சொன்னீங்கல்ல, எனக்கு அது போதும்.”

அப்போதுதான் அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார்.