பன்னிரண்டாம் பக்கத்துப் பேய்

"நல்ல புத்தகமா ஒண்ணு கொடு" என்று கேட்பவரைவிட ஆபத்தான ஆள் உலகத்தில் இல்லை. புத்தகக் கடையில் நின்று கால் கடுத்தவர்களுக்கு இது தெரியும். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதிய கையோடு புந்தோங்கில் ஒரு தமிழ்ப் புத்தகக் கடையில் சேர்ந்தேன். நான் பட்டதைச் சொல்கிறேன். நீங்களும் பட்டிருப்பீர்கள்.

முதல் பொய்

"என்னம்மா படிப்பே?" என்று கேட்டார் முதலாளி அங்கிள். எனக்குப் பிடித்தது பேய்க்கதை மட்டும்தான். காதல் கதை என்றால் கொட்டாவி. சரித்திர நாவலில் குதிரை ஊர் வந்து சேர்வதற்குள் நான் தூங்கிவிடுவேன். கவிதை பக்கமே போனதில்லை. ஆனால் மேசைமேல் அவரே எழுதிய கவிதைப் புத்தகம் அடுக்கியிருந்தது. வேலை வேண்டுமே. "கவிதை, அங்கிள்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்து ஒரு பிரதியை என் கையில் திணித்தார். "மூணு மாசம் பாப்போம். அப்புறம் இதுல எது பிடிச்சதுன்னு சொல்லு, வேலைய நிரந்தரமாக்கிடலாம்."

லாரிக்கார அண்ணன்

கை முழுக்கப் பச்சை குத்திய அண்ணன் ஒருவர் காதல் நாவல் கேட்டார். இவருக்கா என்று நினைத்து, நல்ல பேய்க்கதையாக ஒன்றை நீட்டினேன். தொடக்கூட இல்லை.

"பேயெல்லாம் வேணாம்லா தங்கச்சி. கடைசியில ரெண்டு பேரும் சேர்ற கதையா கொடு. போன தடவ பிரிஞ்சிட்டாங்க, லூமுட் வரைக்கும் எனக்கு ரோடே தெரியல."

துப்பறியும் அக்கா

கிளினிக் சட்டையோடு வந்த அக்கா ஒரு துப்பறியும் நாவலைப் புரட்டி, "எப்படி இருக்கும்?" என்றார். "சூப்பர்க்கா, டாக்டர்தான் கொலகாரன்னு கடைசி வரைக்கும் கண்டுபிடிக்கவே முடியாது" என்றேன். சொன்ன பிறகுதான் வாயை மூடினேன். அக்கா புத்தகத்தைத் திருப்பி விலையைப் பார்த்தார்.

"ரெண்டு கொடு. ஒண்ணு எங்க டாக்டருக்கு."

பன்னிரண்டாம் பக்கம்

மூன்று மாதம் முடிந்தது. அங்கிள் மறக்கவில்லை. "எது பிடிச்சது?" என்றார். எனக்குப் பொய் ஒரு தடவைதான் வரும். "கவிதை எனக்குப் பிடிக்காது, அங்கிள். அன்னிக்குப் பொய் சொன்னேன். நிலா, மழை எல்லாம் படிச்சா தூக்கம்தான் வந்துச்சு. பன்னிரண்டாம் பக்கத்துப் பேய் மட்டும் பிடிச்சது."

அந்தக் கவிதையில் விடிவதற்கு முன் ஓர் உருவம் விளக்கோடு வந்து நின்று ஒவ்வொரு பேராகக் கூப்பிடும். அழைக்கப்பட்டவர்கள் வாய் பேசாமல் எழுந்து மரங்களுக்குள் போவார்கள். அதைப் படித்த அன்று பாத்ரூமுக்கு அம்மாவைத் துணைக்கு அழைத்தேன். அதையும் சொன்னேன். அங்கிள் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நான் என் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

"அது பேய் இல்லம்மா, எங்க ரப்பர்த் தோட்டத்துத் தண்டல். தெனமும் இருட்டோட பேர் கூப்பிட்டு பால்மரம் சீவ அனுப்புவாரு. நாங்களும் அப்படித்தான் பயந்தோம். பைய கீழ வையி."

இப்போது அந்தப் புத்தகத்தைப் பேய்க்கதை அலமாரிக்கு மாற்றிவிட்டேன், மூன்று பிரதி போய்விட்டது, அங்கிள் கேட்டால் மட்டும் ஊரில் கவிதைக்கு மவுசு கூடிவிட்டது என்று இரண்டாவது பொய்யைச் சொல்லப்போகிறேன்.