காலி வீட்டுக்கு ஒரு குடும்பம்

காலி வீட்டை விற்பதைவிடக் காலி டப்பாவை விற்பது சுலபம். டப்பாவில் முன்பு என்ன இருந்தது, அது எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. நாளிதழில் வேலை கிடைப்பதற்கு முன், எழுபதுகளின் தொடக்கத்தில், தாம்பரத்தில் வீட்டுத் தரகர் டேனியல் சாரிடம் மூன்று வருடம் இருந்தேன். பேரம் பேசுவது அவர் வேலை. பார்க்க வருகிறவர் முகம் சுளிக்காதபடி வீட்டைத் தயார் செய்து வைப்பது என் வேலை. ஒட்டடை, பாசி, கிணற்று ராட்டினத்தின் கிறீச்சு எல்லாம் என் பொறுப்பு. வீடு பார்த்து அலைந்து செருப்புத் தேய்ந்தவர்கள் இதைப் படித்துவிட்டு என்னைத் திட்டலாம். விற்க முடியாமல் உட்கார்ந்திருந்தவர்களும் உங்களில் இருப்பார்கள். அவர்கள் கொஞ்சம் குறைத்துத் திட்டுவார்கள்.

ஆறு மாதமாக ஆள் இல்லை

சேலையூரில் ஒரு வீடு. உரிமையாளர் மகனோடு பம்பாய்க்குப் போய்விட்டார். காற்று, வெளிச்சம், தண்ணீர் எதிலும் குறையில்லை. சுண்ணாம்பு அடித்தோம், ஜன்னலுக்குப் பச்சை பெயிண்ட் பூசினோம். வந்தவர்கள் கூடத்தில் நின்று தங்கள் குரல் எதிரொலிப்பதைக் கேட்டார்கள். கரியே படியாத அடுப்பைப் பார்த்தார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "ஆறு மாசமா ஆள் இல்லையா? யாராவது தூக்கு மாட்டிக்கிட்டாங்களா?" என்று ஒரு அம்மாள் நேராகவே கேட்டார். கேட்டுவிட்டு உத்தரத்தையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டார்.

டேனியல் சார் இரண்டு நாள் யோசித்துவிட்டு, எங்களுக்குச் சுண்ணாம்பு அடிக்கும் ஏகாம்பரத்தைக் கூப்பிட்டார். ஏகாம்பரமும் மனைவி கமலாவும் மகள் வசந்தாவும் ரயிலடிக்குப் பின்னால் ஒரு குடிசையில் இருந்தார்கள். வீடு விற்கிற வரை அவர்கள் வாடகையில்லாமல் அங்கே குடியிருக்கலாம். பதிலுக்கு வாசலில் கோலம், அடுப்பில் உலை, கொடியில் துணி இருக்க வேண்டும். அவ்வளவுதான் ஒப்பந்தம்.

பத்து நாள் கழித்து அதே அம்மாளை வற்புறுத்தி வரவழைத்தோம். கமலா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வசந்தா வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்கே முன்பணம் கைமாறியது. வாசலில் செருப்பை மாட்டும்போது அந்த அம்மாள் கணவரிடம் சொன்னார்: "இப்பத்தாங்க வீட்டைக் காட்டறான். போன தடவை வேற எதையோ காட்டி ஏமாத்தப் பார்த்தான்."

ரயில்வே கார்டின் பருப்பு

குடும்பம் பம்மலுக்கு மாறியது. அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உப்பு. அந்தக் காலத்தில் விவரம் தெரிந்தவர்கள் வீடு பார்க்க வரும்போது கைக்குட்டையில் ஒரு பிடி துவரம்பருப்பு முடிந்துகொண்டு வருவார்கள். உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது. அன்று வந்தவர் ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு. தானே தண்ணீர் இறைத்தார், தானே பருப்பைக் களைந்தார், கமலாவின் அடுப்பில் ஏற்றிவிட்டு, வண்டி புறப்பட்ட நேரத்தைக் குறிப்பதுபோல மணியைக் குறித்துக்கொண்டார். பிறகு என்னோடு மொட்டைமாடிக்கு வந்தார். போச்சு என்று நினைத்துக்கொண்டுதான் நான் படியேறினேன்.

இறங்கி வந்தபோது பருப்பு வெண்ணெயாகக் குழைந்திருந்தது. கார்டு விரலால் நசுக்கிப் பார்த்தார், மணி பார்த்தார், மறுநாளே முன்பணத்தோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் தெருமுனை தாண்டியதும் கமலாவிடம் விசாரித்தேன். அவள் சட்டியைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "துளியூண்டு ஆப்ப சோடா போட்டேன் சார். வித்துடுச்சில்ல? இப்ப எந்த வூட்டுக்குப் போவணும், அதச் சொல்லு."

இரண்டு காலண்டர்

அடுத்தது பொழிச்சலூர். தலைக்கு மேல் விமானம் போகும்போது பேச்சைப் பாதியில் நிறுத்தி, போனதும் விட்ட இடத்தில் தொடங்க அந்தக் குடும்பம் ஒரே வாரத்தில் பழகிவிட்டது. டேனியல் சார் அந்த வீட்டுக்கு முருகன் காலண்டர் ஒன்றும் ஏசுநாதர் காலண்டர் ஒன்றும் வாங்கிக் கொடுத்திருந்தார். வருகிறவர் பெயரை நான் வாசலில் உரக்கச் சொல்வேன். உள்ளே கமலா அதற்கேற்ற காலண்டரை ஆணியில் மாட்டுவாள்.

ஒருநாள் வந்தவர் பெயர் அருள். நெற்றியில் ஒன்றுமில்லை, கழுத்திலும் ஒன்றுமில்லை. "இன்னா சாமி சார்?" என்று கமலா ஜன்னல் வழியாகச் சைகையில் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. உள்ளே போனால் ஆணியில் ஒரு டயர் கம்பெனி காலண்டர், கொழுகொழுவென்று ஒரு குழந்தை. வீடு அவருக்குப் பிடிக்கவில்லை, ஆனால் போகும்போது என் தோளைத் தட்டிச் சொன்னார்: "நீங்க பரவால்ல சார். போன மூணு வீட்லயும் என் பேரைக் கேட்டதும் யாரோ சுவத்துப் பக்கம் ஓடினாங்க."

காலி பண்ணுவார்களா?

அதே வீட்டுக்கு ஒரு வக்கீல் குமாஸ்தா வந்தார். எல்லாம் பிடித்தது, குடும்பத்தைத் தவிர. "குடி வெச்ச வீட்டை எவன் வாங்குவான்? இவங்களைக் கிளப்ப கேஸ் போட்டா என் பேரன் காலத்துலதான் தீர்ப்பு வரும்" என்றார். டேனியல் சார் தன் வார்த்தையையே உத்தரவாதமாகத் தந்தார். குமாஸ்தா வார்த்தைகளோடு பிழைப்பு நடத்துகிறவர், அசையவில்லை.

சமையலறையிலிருந்து கமலா எட்டிப் பார்த்தாள். "வசந்தா, பொட்டிய எடு" என்றாள். ஒரு டிரங்குப் பெட்டி, மூன்று பாத்திரம், ஒரு பாய், கொடிக்கயிறு. குமாஸ்தா மூக்குப்பொடி எடுத்துப் போட்டு முடிப்பதற்குள் மூவரும் தெருவில் நின்றார்கள். வசந்தாவின் கையில் பாதிக் கணக்கு போட்ட சிலேட்டு இருந்தது. "போதுமா சார்? இல்ல, பஸ் ஏறியே காட்டணுமா?" என்றாள் கமலா. குமாஸ்தா மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இருபது வருஷமா கோர்ட்டுல இருக்கேன், இப்படி ஒரு எதிர்க்கட்சியைப் பார்த்ததே இல்லை."

முடிச்சூரில் விலைபோகாத வீடு

இதற்குள் வசந்தா ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். மூன்று ஊர், மூன்று பள்ளிக்கூடம். எங்கே போனாலும் பின்னக் கணக்கு தொடங்குகிற அன்று சேர்வாள். அது முடிகிற அன்று எங்கேயும் இருந்ததில்லை. ஜூன் மாதம் முடிச்சூர் வீட்டில் பெட்டியை இறக்கும்போது கமலா என்னிடம் கேட்டாள்: "இந்த வூடு ஏப்ரல் வரைக்கும் விக்காம கெடக்குமா சார்? அது ஒரு வருசமாச்சும் முழுசா ஒரே பள்ளிக்கூடத்துல குந்தட்டும். பெரிய பரீட்ச எழுதட்டும்." விற்காமல் இருப்பதற்கா டேனியல் சார் எனக்குச் சம்பளம் தருகிறார் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

அந்த வீடு விற்கவில்லை. சிவப்புத் தரை, இரண்டு தென்னை, இனிப்பான தண்ணீர். வந்தவர்கள் சிரித்துக்கொண்டே உள்ளே போய், யோசித்துக்கொண்டே வெளியே வந்தார்கள். தீபாவளி போயிற்று, பொங்கலும் போயிற்று. டேனியல் சார் கதவின் நிறத்தை இருமுறை மாற்றினார். எனக்கோ காரணத்தைத் தெரிந்துகொள்ளாமல் சோறு இறங்கவில்லை. ஒருநாள், ஒரு தம்பதி உள்ளே இருக்கும்போது, பின்பக்கம் கிணற்றடிச் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்து காது கொடுத்தேன். கமலா அந்த அம்மாளுக்கு மோர் கொடுத்துவிட்டு, தன் முழங்காலில் கையை வைத்துக் காட்டினாள். "ஏரி ரொம்பிச்சின்னா தெருவுல இம்மாந்தண்ணி நிக்கும்மா. வாசப்படி வரைக்கும் வரும், உள்ள வராது. சுவத்துல கோடு இருந்திச்சு. எம் புருசன்தான் சுண்ணாம்பு அடிச்சு மறைச்சிட்டாரு."

மறைக்கச் சொன்னவன் நான். அவர்கள் போனதும் அவளைப் பிடித்துக்கொண்டேன். இப்படிச் சொன்னால் யார் வாங்குவார்கள் என்று கத்தினேன். அவள் நிதானமாகச் சொன்னாள்: "பொய்யா சொன்னேன்? பம்மல்ல சோடா போட்டப்ப நீ ஒண்ணும் கோவிச்சுக்கலியே சார்."

மரியாதை தெரிந்த தண்ணீர்

டேனியல் சாரிடம் நான் எதையும் சொல்லவில்லை. பரீட்சைக்கு ஐந்து வாரம் இருக்கும்போது கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து பட்டம்மாள் என்பவர் வந்தார். மீன் விற்றே காசு சேர்த்தவர். மகனுக்குத் தாம்பரத்தில் ரயில்வேயில் கலாசி வேலை, அவனுக்காக வீடு. கமலா மோர் கொடுத்தாள், முழங்காலைக் காட்டினாள், கோடு இருந்த இடத்தையும் காட்டினாள். பட்டம்மாள் கதை கேட்பதுபோல ரசித்துக் கேட்டார். "எங்க வூட்டுக்குள்ள கடலே வந்து சோத்துப் பானையத் தூக்கினு போவும். வாசப்படியோட நிக்குதுன்னா அது மரியாத தெரிஞ்ச தண்ணிம்மா" என்றார். டேனியல் சார் சொன்ன விலைக்கு அப்படியே தலையாட்டினார்.

கமலா உள்ளே போய் வசந்தாவின் கணக்கு நோட்டை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தாள். "அஞ்சு வாரம் மட்டும் குடும்மா. பரீட்ச எழுதினதும் போயிடறோம்." "நீ இந்த வூட்டுக்காரி இல்லியா?" என்றார் பட்டம்மாள். இது வீட்டைக் காட்டுவதற்காக நாங்கள் வைத்த குடும்பம் என்பதை நானே சொல்லிவிட்டேன். "எல்லாத்தையும் ஸ்பாய்ல் பண்ணிட்டியே தம்பி" என்று டேனியல் சார் பல்லைக் கடித்தார்.

பட்டம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "இன்னா இது, அங்கங்க செவப்பா கீது?" என்று கேட்டார். "சரின்னு டீச்சர் போட்டது" என்றாள் வசந்தா. பட்டம்மாள் கடைசிப் பக்கம் வரை பார்த்துவிட்டு நோட்டை மூடிக் கமலாவிடம் நீட்டினார்: "எம் புள்ளைக்கு வைகாசியிலதான் கண்ணாலம். அதுவரைக்கும் பூட்டி வெச்சா கதவக் கழட்டினு பூடுவானுங்க, நீயே இரு. ஆனா உம் புருசன் கண்ணாலத்துக்கு முந்தி ரெண்டு தபா சுண்ணாம்பு அடிச்சுக் குடுத்துடணும், கூலி கீலின்னு கேக்கக் கூடாது."

வசந்தா பாஸானாள், ஏகாம்பரம் இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்தார், மூன்று வருடத்தில் நாங்கள் விற்ற வீடுகளில் வாங்க வந்தவரிடம் முழு உண்மையும் சொல்லப்பட்டது அந்த ஒன்றில்தான், விலையில் யாரும் பேரம் பேசாததும் அந்த ஒன்றுக்குத்தான்.