வஃப்ராவில் எடுத்த இரண்டாவது படம்

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு, வளைகுடாவில், ஃபஹாஹீலில் இருக்கும் என் மகள் வீட்டு வாசலில் கார் ஏறினேன். வஃப்ரா போய்த் திரும்பப் பன்னிரண்டு தினார். டிரைவர் கடையநல்லூர்க்காரர். அறுபது கிலோமீட்டர் என்றார். எங்கள் முதுகுளத்தூரிலிருந்து ராமநாதபுரம் போகிற மாதிரிதான், ஆனால் நடுவில் டீக்கடை கிடையாது.

போகிற காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மகன் முனியசாமி வஃப்ராவில் காய்கறிப் பண்ணையில் வேலை செய்கிறான். ஊரில் வீடு கட்டக் கடன் கேட்டிருந்தோம். காங்கிரீட் வீடு இல்லாதவர்களுக்கு மட்டும் குறைந்த வட்டியில் கிடைக்கிற கடன். மனுவோடு அவன் அனுப்பியிருந்த படத்தையும் பெருமையாகச் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். பெரிய வெள்ளை வீடு, முன்னால் வெள்ளைக் கார், அதில் சாய்ந்தபடி என் மகன். இரண்டும் அவனுடைய கஃபீல், அதாவது முதலாளியின் சொத்து. பேங்க் மேனேஜருக்கு அது எப்படித் தெரியும்? மாளிகை வைத்திருப்பவருக்கு இந்தக் கடன் கிடையாது என்று மனுவை ஓரமாக வைத்துவிட்டார். மாதம் முடிவதற்குள் அவன் நிஜமாகத் தங்கியிருக்கும் இடத்தின் படமும் முதலாளியின் கடிதமும் வந்தால் மறுபடி பார்ப்பாராம். கெடுத்தவள் நான். மகளைப் பார்க்க வந்த விசாவிலேயே சரிசெய்யவும் கிளம்பினேன்.

வழியெல்லாம் மணல், மின்கம்பி, தூரத்தில் எண்ணெய்க் கிணற்று நெருப்பு. நீங்களும் முதலாளி காரில் சாய்ந்து படம் எடுத்து அனுப்பியிருக்கிறீர்களா என்று டிரைவரிடம் கேட்டேன்.

"மூணு இருக்கு பாட்டி. ஒண்ணுல கறுப்புக் கண்ணாடி வேற."

ஏழே முக்காலுக்கு மணல் திடீரென்று பச்சையானது. துணிக்கூடாரங்களுக்குள் வரிசை வரிசையாகத் தக்காளி. அதன் பின்னால் ஒரு தகர அறை. நாலு பேர், இரண்டு அடுக்குக் கட்டில்கள், லாரி மாதிரி உறுமுகிற ஒரு ஏசி, ஒரே ஒரு ஜன்னல். கோடையில் குழாய்த் தண்ணீர் கொதிக்குமாம்; ராத்திரியே டிரம்மில் பிடித்து ஆறவைத்து விடியற்காலையில் குளிப்பார்களாம். போனில் பேச, சிக்னல் கிடைக்கிற தண்ணீர்த்தொட்டிக்குப் பக்கத்தில்தான் நிற்கவேண்டும். மகன் எனக்குக் குபூஸ் ரொட்டியும் தக்காளிக் குழம்பும் வைத்தான். குழம்பு என் மருமகள் செல்வியின் குழம்பைவிட நன்றாக இருந்தது. அவளிடம் சொல்லவில்லை.

படம் என்றதும் முகம் சுருங்கிவிட்டது.

"வேணாம் ஆத்தா. செல்வி பாத்துருவா. நாலு வருசமா நல்லாருக்கேன்னே சொல்லி வச்சிருக்கேன்."

"நல்லாத்தானடா இருக்க. ஒனக்குக் கட்டில் இருக்கு. அவ மழைக்கு ஆறு சட்டிய வச்சிக்கிட்டு உக்காந்திருக்கா. யாரு யாருக்குப் பாவம் பாக்குறது?"

சிரித்துவிட்டான். சிரித்தவுடனே சட்டை மாற்றப் போனான். பழைய சட்டையே போதும் என்று பிடித்து நிறுத்தினேன்.

ஒன்பதரைக்குக் கஃபீல் வந்தார், அதே வெள்ளைக் காரில். என் வயதுதான் இருக்கும். தாயார் வந்திருக்கிறார் என்று ஒரு தட்டு பேரீச்சம்பழம் கொடுத்தார். முனியசாமி பண்ணை கொடுத்த அறையில்தான் தங்கியிருக்கிறான் என்ற கடிதத்தில் உடனே கையெழுத்தும் போட்டார். படம் என்றதும் தானும் வந்து அவன் தோளில் கைபோட்டு நின்றுகொண்டார். பின்னால் கார் மினுங்குகிறது.

"கார் மாஃபி" என்றேன், கையை ஆட்டி. மாஃபி என்றால் அரபியில் இல்லை, வேண்டாம்.

மகன் அரபியில் விஷயத்தை விளக்கினான். மனிதர் வயிறு குலுங்கச் சிரித்து, காரைத் தானே பேரீச்ச மரங்களுக்குப் பின்னால் கொண்டுபோய் விட்டு, மறுபடி வந்து தோளில் கைபோட்டார்.

"நீங்களும் மாஃபி" என்றேன்.

கடைசியில் படம் எடுத்தவரே அவர்தான்.

பதினொரு மணிக்குத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று படத்தையும் கடிதத்தையும் செல்விக்கு அனுப்பினோம். அவள் பேங்க்கில் கொண்டுபோய்க் காட்டி, ஒரு மணிக்குப் பதில் வந்தது. மனுவை மறுபடி எடுத்துக்கொண்டார்கள். செவ்வாய்க்கிழமை ஆள் அனுப்பி எங்கள் ஓட்டுக்கூரையைப் பார்க்கப்போகிறார்கள். அந்த ஓட்டை நம்பி எதையும் கேட்கலாம்; மழை இல்லாமலேகூட ஒழுகும். ஆனால் படத்தைப் பற்றிச் செல்வி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவன் போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு மணிக்கு நான் காரில் ஏறும்போது அவள் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"ஏங்க, அந்த ஜன்னல் எத்தன அடி?"

அவன் ஓடிப்போய்க் கையால் அளந்துவிட்டு வந்தான். "ஒன்ற முழம்."

"வெயிலு நேரா மூஞ்சில அடிக்கும்போலருக்கே. தச்சு வக்கிறேன். அங்கிட்டு வர்றவுக கையில குடுத்து விடுறேன்."

கார் திரும்பும்போது எட்டிப் பார்த்தேன். இன்னும் தொட்டிக்குப் பக்கத்திலேயே நின்று பேசிக்கொண்டிருந்தான், துணி என்ன நிறம் என்று. ஊரில் கட்டப்போகிற வீட்டுக்கு ஒரு செங்கல்கூட இறங்கவில்லை. அதற்குள் குடும்பம் திரைச்சீலை வரைக்கும் வந்துவிட்டது.