பத்து பட்டன்

போனை எடுத்து அவள் "ஹலோ" சொல்கிற அழகுக்காகவே இன்னொரு முறை கூப்பிடலாம். அதனால்தான் அலுவலகத்தில் அவளுக்கு ஹலோ அக்கா என்று பெயர். சொந்தப் பெயர் என்ன என்று கேட்டால் சம்பளம் போடுகிறவர்கூட கம்ப்யூட்டரைப் பார்த்துத்தான் சொல்வார்.

கிளினிக்குகளுக்கு அப்பாயின்ட்மென்ட் சாஃப்ட்வேர் செய்து விற்கிற சின்ன கம்பெனி அது. முதலாளியையும் சேர்த்து மொத்தம் ஏழு பேர். ஐந்து பேர் கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே உட்கார்ந்து எழுதுவதும் திருத்துவதுமாக இருப்பார்கள். முதலாளி எல்லா இடத்திலும் இருப்பார். அக்காவுக்கு மட்டும் வாசலை ஒட்டி, உதவி மேசை என்ற பெயரில் ஒரு மேசை, ஒரு போன். கதவு திறக்கும்போதெல்லாம் அவள் நாற்காலியில் இடிக்கும். ஏழு வருடமாக இடிக்கிறது. எந்த கிளினிக்கில் எது மக்கர் செய்தாலும் திட்டு வாங்குவது அவள்தான்.

ஒரு நாளைக்கு அறுபது போன் வரும். அதில் நாற்பது ஒரே கதை. "அக்கா, தப்பா அழிச்சிட்டேன்." திரையில் 'சேமி'க்குப் பக்கத்திலேயே 'அழி' இருந்தது. எந்தப் புண்ணியவான் அப்படி வைத்தானோ! விரல் கொஞ்சம் நகர்ந்தால் போச்சு, அன்றைய நோயாளிகள் பட்டியல் மொத்தமும் காலி. பிறகு அக்கா உள்ளே போய்த் தாடிக்காரனைக் கெஞ்சி முந்தைய நாள் நகலை வாங்கி வருவாள். போனிலேயே ஒவ்வொரு பெயராக அவள் வாசிக்க, அங்கே அவர்கள் மறுபடி தட்டுவார்கள். தாடிக்காரன்தான் சாஃப்ட்வேரில் பாதியை எழுதியவன். கெட்டிக்காரன், நல்லவன், ஆனால் தன் தப்பை ஒப்புக்கொள்ள மட்டும் அவனுக்கு வாய் வராது.

அடுத்த ஆறு மாதத்தில் என்ன செய்வது என்று பேச ஒரு கூட்டம் நடக்கும். நடக்கும் என்றா சொன்னேன்? முதலாளி பேசுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். இதைச் சரிசெய்யத்தான் திட்டம் போடுகிற பெண் ஒருத்தி புதிதாக வேலைக்கு வந்தாள். வாயால் கேட்டால் யாரும் சொல்லமாட்டார்கள், விளையாட வைத்தால் சொல்லிவிடுவார்கள் என்பது அவள் கட்சி. செய்ய வேண்டிய வேலைகளைச் சீட்டில் எழுதிச் சுவரில் ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் விலை போட்டாள். பணத்துக்குப் பதில் ஆளுக்குப் பத்து மிட்டாய். பெரிய வேலையை யாராலும் தனியாக வாங்க முடியாது. பக்கத்தில் இருப்பவரிடம் பேசி, ஆள் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். வாங்காத வேலை நடக்காது. முதலாளியும் ஒப்புக்கொண்டார். எல்லாம் சரிதான், ஆனால் பாதி ஆட்டத்தில் தாடிக்காரன் தன் மிட்டாயைத் தின்றுவிட்டான். அவனைப் பார்த்து மற்றவர்களும் வாயில் போட்டுக்கொண்டார்கள். சுவரில் இருந்த ஒரு வேலையை வாங்கக்கூட மிட்டாய் மிஞ்சவில்லை.

அக்கா வீட்டில் இதைச் சொன்னபோது அவள் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் தையல்காரர். சிரித்து முடித்து ஒரு பிஸ்கட் டப்பா நிறைய மிச்சப் பட்டன்களைக் கொண்டுவந்து வைத்தார். "இதைக் குடு. எவன் திங்கிறான்னு பாப்போம்."

டப்பாவை வாங்கிக்கொண்ட திட்டக்காரி, "அக்கா, நீங்களும் உள்ள வாங்க" என்றாள்.

"நானா? எனக்கு என்னம்மா தெரியும்? போனை யாரு எடுப்பா?"

"ஒரு மணி நேரம் அடிச்சா அடிக்கட்டும்."

அப்படித்தான் ஏழு வருடத்தில் முதல் தடவையாக அக்கா கண்ணாடிக்கு உள்ளே உட்கார்ந்தாள். முன்னால் பத்து பட்டன். அப்போது பார்த்து முதலாளி உற்சாகமாக, "போன் ஒரு நாளைக்கு இருபதுக்குக் கீழ வரணும். வந்துட்டா உதவி மேசையே வேண்டாம், தாடியே பாத்துக்குவான்" என்றார். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்று பேசும்போது அவருக்கு நினைவில் இல்லை, பாவம்.

அக்கா மனதுக்குள் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்த்தாள். கணவர் சம்பாதிப்பது கடை வாடகைக்கும் துணி நூலுக்கும் சரியாகப் போகும். வீடு ஓடுவது இவள் சம்பளத்தில். அறுபது போனில் நாற்பதை எது கொண்டுவருகிறது என்று அந்த அறையில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், மேசை இருக்கும். திறந்தால் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதுதான்.

அவள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள். நிஜமாகவே கால் மணி நேரம் இருந்தாள். ஆனால் காலையில் பல் டாக்டர் கிளினிக் வரவேற்பு அம்மா அழுதது காதிலேயே நின்றது. "இன்னொரு தடவை அழிஞ்சா வேலைக்கு வராதேன்னு டாக்டர் சொல்லிட்டார் அக்கா."

அக்கா ஒரு வெற்றுச் சீட்டை எடுத்து, 'அழித்ததைத் திரும்ப எடுக்க ஒரு வழி' என்று எழுதிச் சுவரில் ஒட்டினாள்.

தாடிக்காரன் எழுந்துவிட்டான். "எதுக்குக்கா? அழிக்கட்டுமான்னு ரெண்டு தடவை கேக்குதே!"

"வரிசையில பதினஞ்சு பேர் கன்னத்தைப் பிடிச்சிட்டு நிக்கிறப்ப யாரு தம்பி அதைப் படிக்கிறாங்க? ஆமா, ஆமான்னு ரெண்டு தடவை தட்டிட்டு, அப்புறம் எனக்கு போன் போட்டு அழறாங்க. ஒரு நாளைக்கு நாப்பது பேர்."

"நாப்பதா?" என்றார் முதலாளி.

"எண்ணி வச்சிருக்கேன் சார்."

தாடிக்காரன் அதற்கு ஐம்பது பட்டன் விலை சொன்னான். அதோடு பேச்சு முடிந்துவிடும் என்று நினைத்தான். அக்கா தன் பத்தையும் மொத்தமாக நகர்த்தி வைத்தாள். திட்டக்காரி பத்து வைத்தாள். பிறகு ஒருவர், இன்னொருவர், முதலாளி. தாடிக்காரன் கடைசிவரை மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டே இருந்தான். ஆனால் மறுநாளே வேலையைத் தொடங்கியவனும் அவன்தான். அவனைக் குறை சொல்லக்கூடாது.

மூன்று மாதத்தில் அந்த வழி வந்தது. போன் நாற்பதானது, முப்பதானது, பதினான்கில் வந்து நின்றது. நாள் முழுக்க மேசையில் சும்மா உட்கார அக்காவுக்கு வெட்கமாக இருந்தது. தனக்கு வேறு வேலை பார்க்கச் சொல்லி அவளே கணவரிடம் கேட்டும் வைத்திருந்தாள்.

அடுத்த ஆட்டம் வந்தது. சுவரில் முதலாளி கையெழுத்தில் ஒரு சீட்டு: 'உதவி மேசையை மூடுவது.' விலை வெறும் பதினைந்து. அவர் தன் பத்தை வைத்துவிட்டு, அக்கா முகத்தைப் பார்க்காமல், "கணக்குப்படி பாத்தா இதான் சரி. இன்னும் அஞ்சுதான் வேணும்" என்றார்.

திட்டக்காரி தன் பட்டன்களை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். அவளுக்கு அடுத்தவரும் மூடினார். முதலாளி தாடிக்காரனிடம் வந்தார்.

"நீ குடுப்பா."

"இல்ல சார்." முதல்முறையாக அவனுக்கு வாய் வந்தது. "நான் எழுதினதுல என்ன தப்புன்னு அக்கா சொல்லித்தான் எனக்கே தெரிஞ்சுது. அவங்களை அனுப்பிட்டா வேற யாரு சொல்லுவா?"

முதலாளி மேசையைச் சுற்றி அக்காவிடம் வந்து நின்றார். அவர் முகத்தில் பாதி சிரிப்பு வந்துவிட்டது. "நீங்களாவது அஞ்சு குடுப்பீங்களா?"

"இதுக்கு அரைப் பட்டன்கூடக் கிடையாது சார்" என்றாள் அக்கா. "ஆட்டம் முடிஞ்சதும் உங்க பத்தையும் டப்பால போட்டுடுங்க. வீட்டுல அவர் எண்ணிப் பாப்பார்."

அவர் சிரித்தபடி சீட்டைச் சுவரிலிருந்து உரித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வெளியே போன் அடித்தது. அக்கா ஓடிப்போய் எடுத்தாள். எடுத்தவளுக்கு, அந்த அழகான "ஹலோ" வரவே இல்லை.

"அக்கா?" என்றாள் பல் டாக்டர் கிளினிக் அம்மா. "அக்கா, இருக்கீங்களா?"

"இருக்கேம்மா" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இங்கதான் இருக்கேன். சொல்லு."