உங்கள் கரெண்ட்டிலேயே ஓடட்டும்

எங்கள் எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் முதல் கலர் டிவி எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. எண்பதுகளின் நடுவில், கோலா சிலாங்கூர் பட்டணத்துக் கடையொன்றில் அக்கா வாங்கினாள். அவள் செம்பனைக் காட்டில் மருந்து அடிக்கும் வேலையில் இருந்தாள். நான் அப்போதுதான் பள்ளியில் ஐந்தாம் பாரம் முடித்திருந்தேன்.

டிவி வந்த அன்று சாயங்காலம் வாசல்வரை ஆட்கள். படத்தில் கதாநாயகி ஆற்றில் குதிக்கப் போகிறாள். அந்த நேரம் பார்த்து, மேலும் கீழும் படம் சுருங்கி, திரை நடுவில் ஒரே ஒரு வெள்ளைக் கோடாய் நின்றுவிட்டது. சத்தம் மட்டும் வந்தது.

"குதிச்சாளா இல்லையா?" என்று பக்கத்து வீட்டு அத்தை கத்தினார்.

அணைத்து ஆறவிட்டுப் போட்டால் படம் வரும். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கோடு. தினமும் இதே கதை.

அக்கா பஸ் ஏறிக் கடைக்குப் போனாள். முதலாளி டிவியைப் பார்க்கக்கூட வரவில்லை. "எஸ்டேட் ஜெனரேட்டர் கரெண்ட்டு அப்படிம்மா. டிவியில குத்தம் இல்ல" என்று சொல்லி, சுவரில் தொங்கிய அட்டையைக் காட்டினாராம். 'விற்ற சாமான் திரும்ப வாங்கப்படாது' என்று அதில் எழுதியிருந்ததாம்.

அப்பாவுக்கு வம்பென்றால் ஆகாது. "விடும்மா, கடைக்காரங்கிட்ட மல்லுக்கு நின்னா நமக்குத்தான் அலைச்சல்."

"நல்ல டிவிக்குத்தானப்பா காசு கொடுத்தேன், கோட்டுக்கு இல்ல" என்றாள் அக்கா.

சனிக்கிழமை, சாமான் வாங்கப் போகும் எஸ்டேட் லோரியில் டிவியைக் கம்பளியில் சுற்றி ஏற்றினோம். ஒவ்வொரு குழியிலும் நானும் அக்காவும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டோம்.

கடையில் நல்ல கூட்டம். அக்கா டிவியை மேசைமேல் வைத்தாள்.

"அண்ணே, உங்க கரெண்ட்டுலயே ஓடட்டும். நல்லா ஓடுச்சுன்னா, வாயத் திறக்காம தூக்கிட்டுப் போயிடுறேன்."

முதலாளி சிரித்துக்கொண்டே பிளக்கைச் சொருகினார். படம் பளிச்சென்று வந்தது. ஏதோ ஒரு மலாய்ப் படம். ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. அரை மணியும் தாண்டிவிட்டது. முதலாளி எங்களைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். சாமான் வாங்க வந்தவர்களும் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டார்கள். 'தோத்துட்டோமா?' என்று அக்காவின் கையைக் கிள்ளினேன். அவள் கண் திரையைவிட்டு அசையவில்லை.

திடீரென்று மேல் ஓரம் நடுங்கியது. கதாநாயகன் நெற்றி சுருங்கியது, மூக்கு சப்பையானது. அப்புறம் கோடு!

"வந்துருச்சு!" என்று நான் குதித்தேன். கெட்டுப்போன டிவிக்காக உலகத்தில் யாரும் அப்படிச் சந்தோஷப்பட்டிருக்க மாட்டார்கள். கடையே சிரித்தது. அதே மாதிரி டிவிக்கு விலை பேசிக்கொண்டிருந்த ஒருவர் மெல்ல நகர்ந்து வாசலுக்குப் போனார்.

முதலாளி அவரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "ரிப்பேர் பண்ணிக் கொடுக்கிறேம்மா."

"புதுசா வாங்கினதை எதுக்கண்ணே ரிப்பேர் பண்ணணும்? வேற கொடுங்க."

"அட்டையில எழுதியிருக்கே."

"கெட்ட சாமான வித்தாலும் திருப்ப மாட்டோம்னு எழுதியிருக்கா?"

"நியாயந்தானே, தௌக்கே" என்றார் வாசலில் நின்றவர், முதலாளியைப் பார்த்து.

முதலாளி உள்ளே போய் வேறொரு பெட்டியைத் தூக்கி வந்தார். அக்கா அதையும் அங்கேயே ஓட வைத்தாள். இந்தத் தடவை முதலாளியே ஸ்டூல் போட்டு எங்களுக்குக் குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார். படம் முடிந்து செய்தி தொடங்கியும் கோடு வரவில்லை. வெளியே லோரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார்.

திரும்பும் வழியெல்லாம், சாமான் வாங்க வந்த லயத்து ஆட்களோடு லோரியின் பின்தட்டில் ஒரே கூச்சல். கடையில் நடந்ததை நான் நடித்துக் காட்ட, எல்லோரும் "இன்னொரு தடவை" என்றார்கள். அக்காவின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

அடுத்த மாதம் பக்கத்து வீட்டு அத்தை அதே கடையில் மிக்சி வாங்க அக்காவைத் துணைக்கு அழைத்துப் போனார். அக்காவைக் கண்டதும், அவள் கேட்பதற்கு முன்பே முதலாளி பிளக்கைச் சொருகிவிட்டாராம்.