முதல் வண்டியின் சாவி

எங்கள் சபையில் வருகிற ஞாயிறு பட்டதாரிகளின் ஆராதனை. அந்த வருடம் பட்டம் முடித்த பிள்ளைகளை முன்னால் அழைத்து, ஜெபித்து, வேலைக்கு அனுப்பிவைக்கிற நாள். அவர்கள் தங்கள் விசுவாசத்தை மறைக்காமல் தைரியமாக வாழ வேண்டும் என்று ஐந்து நிமிடம் பேசும்படி போதகர் ஐயா என்னிடம் சொல்லியிருக்கிறார். ஏன் என்னிடம் சொன்னார் என்றுதான் விளங்கவில்லை. மகளுடைய பள்ளி ஆசிரியை எதையாவது கேட்டால், பதில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, "நான் சொன்னது சரிதானே?" என்று கணவரைத் துளைத்தெடுப்பவள் நான். தைரியம் என்று தலைப்புப் போட்டு எழுதிப் பார்த்தேன். எழுதியதெல்லாம் வேறு யாரோ பேசி நான் கேட்டதாகவே இருந்தது. தாளை மடித்துவிட்டு மகளின் துணிகளை மடிக்க ஆரம்பித்தபோதுதான் மாமாவின் ஞாபகம் வந்தது.

மாமா அம்மாவின் தம்பி. சூரமங்கலத்தில் ரயில்வே குடியிருப்பில் எங்களோடு தங்கி இன்ஜினியரிங் படித்தார். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தார். என் ஞாபகங்களில் அவர் பெரும்பாலும் டியூட்டியில்தான் இருப்பார். வீட்டில் இன்னொருவர் பெரியம்மா. அம்மாவுக்கும் மாமாவுக்கும் அக்கா. பெரியப்பாவை நான் படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன். அவர் போன பிறகு பெரியம்மா தன் தையல் மிஷினோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். மாமாவின் படிப்பு ஓடியதே அந்த மிஷினில்தான்.

அம்மாவின் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் மாமா. பட்டதாரிகளின் ஆராதனையன்று எங்கள் சபையில் ஒரு வழக்கம். ஒவ்வொருவரும் மைக்கின் முன் நின்று, போகிற இடத்தில் எப்படி வாழப்போகிறோம் என்று ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். முதலில் வந்தவர்கள், நல்ல சாட்சியாக வாழ்வேன் என்று முணுமுணுத்துவிட்டு இறங்கினார்கள். மாமா பஸ்ஸில் கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்கவே தயங்குகிறவர். அவர் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "எங்க போனாலும் யாருக்கும் பயந்து என் விசுவாசத்த மறைக்க மாட்டேன்!" என்று கத்திவிட்டார். மைக்கும் சேர்ந்து கீச்சென்று கத்தியது. சபை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜெபத்துக்காகக் குடும்பத்தார் முன்னால் வரலாம் என்றார்கள். நாங்கள் போனோம். மாமா பின்வரிசையைப் பார்த்து, "அக்கா, நீங்களும் வாங்க" என்று கை காட்டினார். பெரியம்மா தலையை ஆட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டார். அம்மாவும் வற்புறுத்தவில்லை. பெரியம்மாவுக்கு முழங்கால் வலி போலிருக்கிறது என்று நினைத்தேன். கல்யாண வீடுகளிலும் முக்கியமான நேரத்தில் அவருக்கு அந்த வலி வந்துவிடும்.

மாமாவுக்கு நாமக்கல்லில் லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை கிடைத்தது. இன்ஜினும் சக்கரமுமாக மொட்டையாக வரும் வண்டிக்கு கேபினும் பலகையும் கட்டி, பெயின்ட் அடித்து, முழு லாரியாக அனுப்புவார்கள். தினமும் சேலத்திலிருந்து போய்வந்தார். நான்காவது மாதம், அவர் பொறுப்பில் கட்டிய முதல் வண்டி முடிந்தது. அன்று வீட்டுக்கு வந்தவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

விஷயம் இதுதான். வண்டியை அனுப்பும்போது பூசை போடுவார்கள். அந்தப் பட்டறையின் வழக்கப்படி, எவர் பொறுப்பில் வண்டி கட்டப்பட்டதோ அவரே சூடத் தட்டை வண்டிக்குக் காட்டி, வண்டிக்காரர் கையில் சாவியைக் கொடுக்க வேண்டும்.

"மைக்கப் புடிச்சு அந்தக் கத்து கத்துனியே, இப்ப தட்டப் புடிக்கப் போறியா?" என்றார் அம்மா.

"புடிக்கலன்னா வேலை போயிருமேக்கா."

"போகட்டும். ஆண்டவர் பார்த்துக்குவாரு."

"ஆண்டவர் பார்த்துக்குவாரு. வீட்டுச் செலவ யார் பார்த்துக்கிறது, வேலையில்லாத இந்த மாப்பிள்ளையா?" என்று மிஷினை நிறுத்தாமலே கேட்டார் பெரியம்மா. மாமாவுக்கு அப்போது பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாரம் முழுவதும் எங்கள் வீட்டில் ஒத்திகை நடந்தது. நான்தான் முதலாளி. அப்பாவின் நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்காருவேன். மாமா கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

"அண்ணா, நான் வேதக்காரனுங்க. தட்டு காட்ட முடியாதுங்க."

"அப்ப நாளையிலிருந்து வேலைக்கு வராதே."

"பாப்பா, எடுத்தவுடனே அப்படிச் சொன்னா நான் என்ன சொல்றது?"

"சிங்கக் கெபிக்கே போறேன்னு சொல்லுங்க மாமா."

ஜெபத்தை விடாதவரை ராஜா சிங்கக் குகையில் போட்ட வேதாகமக் கதையை ஞாயிறு பள்ளியில் அப்போதுதான் முடித்திருந்தோம். நாமக்கல்லில் சிங்கங்கள் கிடையாது என்பது எனக்கு ஓரளவு ஏமாற்றமாகவே இருந்தது.

காலாண்டு விடுமுறை வந்தது. வண்டி அனுப்பும் நாளில் அம்மா எனக்குத் தலை பின்னிவிட்டு, மாமாவோடு போய்வா என்றார். ஊர் சுற்றிக் காட்ட அனுப்புகிறார் என்று சந்தோஷப்பட்டேன். "புள்ள பார்த்துக்கிட்டு நின்னா அவன் நழுவ மாட்டான்" என்று அவர் பெரியம்மாவிடம் சொன்னது காதில் விழுந்தும் எனக்கு விளங்கவில்லை.

ராசிபுரம் வழியாகப் போகும் பஸ்ஸில் மாமா உதடு அசைய ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். நடுவே ஒரு முறை, "இந்த வண்டிக்காரம்மா மேச்சேரிப் பக்கம். வாராவாரம் வந்து ஒவ்வொரு பலகையையும் தட்டிப் பார்ப்பாங்க. ஆடு வித்து வாங்குன வண்டி" என்றார்.

பட்டறையில் லாரி மாலை போட்டுக்கொண்டு நின்றது. முகப்பில் இரண்டு கிளிகள். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழங்கள். முதலாளி வெள்ளை வேட்டியில் வந்து, "ஏந்தம்பி, இது யாரு, புது மேஸ்திரியா?" என்று என் தலையைத் தட்டினார். மாமா தொண்டையைச் செருமினார்.

"அண்ணா, ஒரு விஷயமுங்க. நான் வேதக்காரனுங்க. தட்டு காட்ட மனசு ஒப்பலீங்க. தப்பா நினைச்சுக்காதீங்க."

முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதுக்கா ஒரு வாரமாப் பேயறைஞ்ச மாதிரி திரிஞ்சே? பெயின்டர் காட்டட்டும். சாவிய மட்டும் நீ குடு. வண்டியக் கட்டுனவங் கையில வாங்கோணும்ல." சொல்லிவிட்டு அவர் பூசணிக்காய் வந்ததா என்று பார்க்கப் போய்விட்டார்.

அவ்வளவுதான். ஒத்திகையில் நாங்கள் சேர்த்துவைத்திருந்த நீளமான பதில்கள் எல்லாம் வீணாயின. மாமா வியர்வையைத் துடைத்துக்கொண்டு பலகை அடுக்கின் பக்கமாக நின்றார். நானும் நின்றேன்.

அங்கே எங்களுக்கு முன்பே ஒருவர் தனியாக நின்றிருந்தார். அம்மா வயதுதான் இருக்கும். வெளிறிய சேலை. நெற்றியில் பொட்டு இல்லை, தலையில் பூ இல்லை. கூட்டத்திலிருந்து விலகி வண்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரே குதூகலம். அம்மாவுக்கும் பொட்டு கிடையாது, சபையில் எந்த அத்தைக்கும் பொட்டு கிடையாது. பூசைக்குப் பக்கத்தில் போகாமல் எவ்வளவு தைரியமாக நிற்கிறார்!

"அத்தை, நீங்க எந்தச் சபை?" என்றேன்.

"சபையா? அப்புடின்னா என்ன கண்ணு?"

"பொட்டு வைக்கலையே. அப்ப நீங்களும் நம்மாளுதானே?"

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார். "என்னைய நம்மாளுன்னு சொல்லவும் ஒருத்தி பொறந்திருக்கறா பாரு சாமி" என்று என் கன்னத்தைத் தொட்டார். விரல்கள் சொரசொரப்பாக இருந்தன. மாமா என் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார்.

அதற்குள் அங்கே, "அண்ணி, நீங்க இன்னுங் கொஞ்சம் தள்ளியே நில்லுங்க. நல்ல காரியம் நடக்குதில்ல" என்று ஒரு குரல். அவருடைய கொழுந்தனார். அதட்டலாகச் சொல்லவில்லை. வெயிலில் நிற்காதீர்கள் என்று சொல்வதைப் போலத்தான் சொன்னார். அந்த அத்தையும் அப்படியே பலகை அடுக்கின் மறைவுக்கு நகர்ந்தார்.

பெயின்டர் சூடம் காட்டினார். பூசணிக்காய் உடைந்தது. முதலாளி சாவியை மாமாவிடம் கொடுத்தார். கொழுந்தனார் தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, முன்னால் வந்து இரண்டு கையையும் நீட்டினார்.

மாமா அவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். அப்புறம் அவரைத் தாண்டி நடந்து எங்கள் பக்கம் வந்தார்.

"அக்கா, வாங்க. உங்க வண்டி."

அந்த அத்தை பயந்துவிட்டார். "வேண்டாமுங்க தம்பி. எங்கையில எதுக்கு? அவருகிட்டயே குடுத்துருங்க."

"வண்டி உங்க பேருலதானுங்க இருக்குது."

"பேரு கெடக்குது. மொதமொத ரோட்டுக்குப் போற வண்டி..."

"நான் வேதக்காரனுங்கக்கா. எங்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்லீங்க."

சாவி மாமாவின் கையில் ஆடியது. கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அந்த அத்தை முந்தானையை விரித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, முந்தானையை விட்டுவிட்டு வெறும் கையையே நீட்டினார். மாமா சாவியை வைத்துவிட்டுக் கண்ணை மூடி, "ஆண்டவரே, இந்த வண்டி பத்திரமாப் போய்ப் பத்திரமாத் திரும்பட்டும். அக்காவ ஆசீர்வதியும். ஆமென்" என்றார்.

எனக்கு அவமானமாகப் போய்விட்டது. வீட்டில் சாப்பாட்டுக்கே அதைவிட நீளமாக ஜெபிப்பார்.

"அடுத்த வண்டிய வேற பட்டறைல உட்டுக்கறமுங்க" என்று கொழுந்தனார் முதலாளியிடம் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. முதலாளி மாமாவிடம் வந்து, "எங்கிட்ட ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?" என்றார். கொஞ்ச நேரம் கிளிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அடுத்த டெலிவரியப்போ நீ உள்ள வேலையாவே இரு சாமி." மாமா அங்கே பல வருடம் இருந்தார். ஆனால் முதல் வருடம் முழுவதும் வண்டி அனுப்புகிற நாளில் அவருக்கு உள்ளே ஏதாவது வேலை இருந்தது.

இதைத்தான் சபையில் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகளே, தட்டைப் பற்றி அதிகம் பயப்படாதீர்கள். மரியாதையாகச் சொன்னால் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். அதற்கப்புறமும் உங்கள் கையில் ஒரு சாவி இருக்கும், அதை யாரிடம் கொடுக்கிறீர்கள் என்று ஆண்டவர் பார்த்துக்கொண்டிருப்பார். கை நடுங்கினால் பரவாயில்லை, நடுங்கிக்கொண்டே கொடுங்கள். இப்படிச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை யாராவது மனம் வருந்துவார்களோ என்றும் தோன்றுகிறது. வருந்துகிறவர்கள் நம் சபைக்குள்ளேயேதான் இருப்பார்கள். ஆனாலும் சொல்லத்தான் போகிறேன்.

அன்று மாலை வீடு திரும்பியதும் மாமா குளிக்கப் போய்விட்டார். அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தட்டத் தொட்டானா?"

"இல்ல. ஒரு அத்தை என்னை லாரில ஏத்தி ஹாரன் அடிக்க விட்டாங்கம்மா!"

"ஜெபம் பண்ணானா?"

"ரொம்பச் சின்னதா. முதலாளி திட்டக்கூட இல்ல."

"இவ்வளவு ஒத்திகை பார்த்து இதுதானா சாட்சி?" அம்மாவின் முகம் தொங்கிவிட்டது. எனக்கு மாமாமேல் இரக்கமாக இருந்தது. அவர் வேறு ஏதாவது செய்திருக்கிறாரா என்று யோசித்துப் பார்த்தேன்.

"சாவியை ஒருத்தர் கேட்டாரு. மாமா அவருக்குக் கொடுக்கல. அந்த ஹாரன் அத்தை பொட்டு வைக்காம தள்ளி நின்னாங்க, அவங்களுக்குத்தான் கொடுத்தாரு. அவங்க வேண்டாம்னாங்க. எங்களுக்கு அந்தக் கணக்கெல்லாம் இல்லைன்னு மாமா சொல்லிட்டாரு."

தையல் மிஷின் நின்றது.

அம்மா என்னைப் பார்க்கவில்லை, பெரியம்மாவையும் பார்க்கவில்லை. அடுப்பில் எதுவும் இல்லாதபோதும் எழுந்து அடுப்படிக்குப் போனார்.

"என்ன சொன்னான் சாமி?" என்றார் பெரியம்மா.

சொன்னேன்.

"எல்லாரும் இருக்கும்போதா சொன்னான்?"

"ஆமா, எல்லாரும் இருந்தாங்க."

"இன்னொரு தடவை சொல்லு."

நான் மறுபடியும், இந்த முறை சத்தமாகச் சொன்னேன். பெரியம்மாவுக்கு முழங்கால் மட்டுமல்ல, காதும் கெட்டுவிட்டது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.