கல்லுப்பு விழுந்த தொட்டிகள்

பிளாரன்ஸ் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்து பதினாறு வருஷம் ஆகியிருந்தது. பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், வேலை முடிந்து ஸ்கூட்டரை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தவள் முற்றத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். காலையில் மண்ணாக இருந்த இடம் முழுக்கச் சிமெண்டு. சுவரோரம் அவள் ஆறு வருஷமாக வளர்த்த குண்டுமல்லிப் புதரைக் காணோம். வெட்டிச் சுருட்டி, குப்பை வண்டிக்காகக் கேட்டுக்கு வெளியே போட்டிருந்தார்கள். கிளை நுனிகளில் அந்த வருஷத்து முதல் மொட்டுகள் பச்சையாக இருந்தன.

கீழ்வீட்டுப் படியில் ஞானபாக்கியம் நின்றுகொண்டிருந்தாள். பிளாரன்ஸின் புருஷன் ஜோன்ஸுக்கு அக்காள், அவளுக்கு மைனி. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள்.

"வேரு சொவத்துக்குள்ள போவுது. அப்பா கெட்டுன வீடு. ஒரு செடிக்காவ இடிஞ்சி விழட்டும்னு விடவா?"

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா மைனி."

"என் முத்தத்துல சிமெண்டு போட நான் யாருகிட்ட கேக்கணும்?"

கேட்க வேண்டியதில்லைதான். கீழ்வீடும் முற்றமும் மகளுக்கு, மேல்வீடு மகனுக்கு, மொட்டைமாடி இருவருக்கும் பொது என்று அவர்கள் அப்பா எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். அம்மா இறந்தபோது ஜோன்ஸுக்கு ஒன்பது வயது. அவனுக்குச் சோறு பொங்கிப் போட்டு, படிக்க வைத்து, கப்பல் வேலைக்கு அனுப்பியது எல்லாம் ஞானபாக்கியம்தான். அதற்குள் அவளுக்குக் கல்யாண வயது தாண்டிப்போயிற்று. தம்பி இழுத்துக்கொண்டு வந்த பெண்ணை அவள் ஒருநாளும் சொந்தமாக நினைக்கவில்லை. பிளாரன்ஸும் பணிந்து போகிற ரகமில்லை. மணப்பாட்டில் நாலு அண்ணன்மாருக்கு நடுவில் வளர்ந்தவள். ஒரு சொல் வந்தால் இரண்டாகத் திருப்பிக் கொடுப்பாள்.

ஆனால் அன்றைக்கு அவள் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் படியேறினாள். மேலே போய், ஹாலைத் தாண்டி, தெருப்பக்கத்துப் பால்கனிக் கதவைத் திறந்து பார்த்தாள். பத்தடி நீளம், நாலடி அகலம். மேற்குப் பார்த்தது. மதியம் ஒரு மணிக்கு ஏறுகிற வெயில் ஆறு மணிவரை இறங்காது. துணி காயப்போடுவதற்குத் தவிர யாரும் அங்கே போனதில்லை. இது என் எடம், இதுல யாரு சிமெண்டு போடுதான்னு பாப்போம் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய் ஆறு தெர்மாகோல் பெட்டிகள் வாங்கி வந்தாள். ஐஸ் போட்டு மீன் அனுப்புகிற வெள்ளைப் பெட்டிகள். மண்தொட்டி அந்த வெயிலில் சுட்ட ஓடு மாதிரி ஆகி வேரை வேகவைத்துவிடும். தெர்மாகோல் சூட்டை உள்ளே விடாது. மூன்று தடவை கழுவி மீன் உப்பைப் போக்கி, அடியில் கம்பியைக் காய்ச்சித் துளை போட்டாள். தேரிச் செம்மண், தென்னைநார்த் தூள், காய்ந்த சாணிப்பொடி மூன்றையும் கலந்து நிரப்பினாள்.

முதல் கோடையில் பாதிக்கு மேல் செத்தது. மதியத்தில் வாடுகிறதே என்று தண்ணீர் ஊற்றி, சூடேறிய மண்ணிலிருந்து ஆவி கிளம்பி, இட்லிப்பூச் செடி இரண்டை அவியவைத்தாள். பிறகு படித்துக்கொண்டாள். காலை ஏழு மணிக்கு முன்னால் அடி நனைய ஊற்றவேண்டும், அதற்கப்புறம் செடி எவ்வளவு கெஞ்சினாலும் தொடக்கூடாது. மண்மேல் தேங்காய் மட்டையை மூடாக்குப் போட வேண்டும். காகிதப்பூவைக் கொஞ்சம் காயப்போட்டால்தான் பூக்கும். குண்டுமல்லியை ஜனவரியில் இரக்கமில்லாமல் வெட்டி இலையை உருவிவிட வேண்டும்.

மூன்றாவது கோடையில் அந்தப் பால்கனியைத் தெருவே அண்ணாந்து பார்த்தது. கைப்பிடிக் கம்பி முழுக்க டேபிள் ரோஸ் மஞ்சளும் சிவப்புமாகத் தொங்கியது. ஓரத்தில் வாடாமல்லி, நித்தியகல்யாணி. வயிறு பெருத்த அடினியம் இரண்டு. பழைய வலைத்துண்டில் ஏற்றிவிட்ட காகிதப்பூ. புதிதாக நட்ட குண்டுமல்லி. கப்பலிலிருந்து வீடியோவில் பார்த்த ஜோன்ஸ், "ஏளா, இது நம்ம வீடா?" என்று கேட்டான்.

கீழே ஞானபாக்கியத்துக்கு வேறொன்று தெரிந்தது. அந்தப் பால்கனிதான் அவளுடைய முன்தாழ்வாரத்துக்குக் கூரை. அங்கேதான் பெஞ்சு போட்டுச் சாயங்காலம் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பாள். கூரையில் ஈரம் வட்டமாகப் படர்ந்தது. சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்தது.

"ஏளா பிளாரன்ஸு, தண்ணி எறங்குது. வந்து பாரு."

"போன மழையில எறங்குனதா இருக்கும் மைனி."

"மழ பெஞ்சி அஞ்சு மாசமாச்சி."

"அப்ப உங்க அப்பா கெட்டுன லெச்சணம்."

அது பொய் என்று பிளாரன்ஸுக்குத் தெரியும். தெருவிலிருந்து பார்க்கும்போது பால்கனி விளிம்பில் மயிரிழை மாதிரி ஒரு வெடிப்பு ஓடுவதையும், அதிலிருந்து துரு ஒழுகிக் காவிக்கோடு இறங்கியிருப்பதையும் அவள் பார்த்திருந்தாள். பார்த்த மறுநாளே இரண்டு டேபிள் ரோஸ் பெட்டிகளை நகர்த்திவைத்து, அந்தக் கோட்டைப் பூவால் மூடிவிட்டாள். பெட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் போதும். மைனி சொல்லி வைப்பதா என்று வைக்கவில்லை.

ஞானபாக்கியமும் சும்மா இருக்கவில்லை. மோட்டார் சுவிட்சும் வால்வும் கீழ்வீட்டில்தான். ஒரு ஏப்ரல் மாதம் மேல்வீட்டுத் தொட்டிக்கு மாநகராட்சித் தண்ணீர் ஏறுவது நின்று, உப்புக் கரிக்கும் போர்வெல் தண்ணீர் மட்டும் வரத் தொடங்கியது. தூத்துக்குடி போர்வெல் தண்ணீரில் துணி துவைத்தால் நுரைகூட வராது. பத்தே நாளில் நித்தியகல்யாணி இலை ஓரமெல்லாம் தீய்ந்துபோயிற்று. குழாய்த் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்த பிளாரன்ஸ் கீழே இறங்கிவந்து கேட்டாள்.

"கார்ப்பரேசன் தண்ணி கம்மியா வருது. மனுசருக்கே பத்தல" என்றாள் ஞானபாக்கியம். கதவைச் சாத்தப் போனவள் நின்று, கூடவே சொன்னாள். "பிள்ள இல்லாதவளுக்குப் பொழுது போவணும்லா. அதுக்காவ தொட்டியத் தாலாட்டுதா."

இரண்டு தடவை கலைந்தது மைனிக்குத் தெரியும். இரண்டாவது தடவை ஜோன்ஸ் கடலில் இருந்தான். ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டதே மைனிதான். அந்த வாயிலிருந்து வந்த சொல் அது. அன்றிலிருந்து பிளாரன்ஸ் கீழ்வீட்டுப் பக்கம் முகம் திருப்பவில்லை.

அவள் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீசியன். மெஷின்களுக்காக அங்கே நாள் முழுக்க ஏசி ஓடும். வெளியே சொட்டுகிற தண்ணீரில் உப்பே கிடையாது. குழாய்க்குக் கீழே ஐந்து லிட்டர் கேன்களை வைத்துப் பிடித்து, தினமும் இரண்டு கேனை ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுவந்தாள். அரிசி கழுவின தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு அந்தக் கோடையைத் தள்ளினாள். தீய்ந்த இலைகள் உதிர்ந்து புதுசு வந்தது.

அந்த லேபுக்கே ஒருநாள் ஞானபாக்கியம் சுகர் பார்க்க வந்து உட்கார்ந்தாள். ஊசியோடு வந்தவளைக் கண்டதும் கையை இழுத்துக்கொண்டாள்.

"வேற ஆளு இல்லையா?"

"நான் குத்துனா சுகர் கூடிருமா?"

"ஒன் கையால வேண்டாம்."

வெறும் வயிற்றோடு முக்கால் மணி நேரம் காத்திருந்து, அடுத்த ஷிப்டில் வந்தவளிடம் கையை நீட்டிவிட்டுப் போனாள்.

மறு வருஷம் மே மாதம், பிளாரன்ஸ் தன் அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக மணப்பாட்டுக்குப் போனாள். ஒன்பது நாள். ஒவ்வொரு பெட்டிக்குப் பக்கத்திலும் வாளி நிறையத் தண்ணீர் வைத்து, பருத்தித் துணியைத் திரியாக முறுக்கி ஒரு முனையை வாளியிலும் மறுமுனையை மண்ணிலும் புதைத்துவிட்டுப் போயிருந்தாள். திரி வழியே ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும்.

திரும்பி வந்து பால்கனிக் கதவைத் திறந்தபோது முதலில் நாற்றம்தான் வந்தது. டேபிள் ரோஸ் அழுகிக் கூழாகக் கம்பியில் ஒட்டியிருந்தது. குண்டுமல்லி இலையெல்லாம் பழுப்பேறி மொறுமொறுவென்று நின்றது. வாளிகளில் இன்னும் தண்ணீர் இருந்தது. அப்படியானால் காய்ந்து சாகவில்லை. குனிந்து மூடாக்கை விலக்கினாள். மட்டைக்கு அடியில், பாதி கரைந்தும் பாதி கரையாமலும், கல்லுப்பு. எல்லாப் பெட்டியிலும். கைகையாக அள்ளிப் போட்டு, மேலே மட்டையை ஒழுங்காகத் திருப்பி மூடியிருந்தார்கள்.

மேல்வீட்டுக்கு இரண்டாவது சாவி ஒரே ஒருத்தியிடம்தான் இருந்தது.

பையைக்கூட வைக்காமல் இறங்கினாள். ஞானபாக்கியம் தாழ்வாரத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"உப்பு போட்டது நீங்கதான?"

"ஆமா. நான்தான்." கீரையிலிருந்து கை எடுக்கவில்லை. "மேல பாரு."

பிளாரன்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். கூரையில் ஒரு முறம் அளவுக்குக் காரை பெயர்ந்து, உள்ளே துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தது.

"நீ போன மூணாம் நாளு விழுந்திச்சி. பெஞ்சு மேல. பிள்ளைய வர பத்து நிமிசம் இருந்திச்சி. எட்டுப் பிள்ளைய. உங்கிட்ட எத்தன வாட்டி சொன்னேன்?"

"அதுக்கு எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். பெட்டிய எறக்கி வச்சிருக்கலாம். உப்பு போடணுமா? பூட்டுன வீட்டுக்குள்ள களவாணி மாதிரி நொழஞ்சி?"

"எறக்கி வச்சா நீ வந்து திரும்ப ஏத்துவ. செத்தாத்தான் நிப்ப."

"நீங்க டீச்சரா? கொலகாரி."

"நாலு செடிக்கு நான் கொலகாரின்னா, ஒரு பிள்ள மண்ட ஒடஞ்சிருந்தா நீ யாரு?"

சத்தம் கேட்டுத் தெருவில் இரண்டு பேர் நின்றார்கள். பிளாரன்ஸ் அந்தக் கீரைத் தட்டைக் காலால் எத்தினாள். கீரை சிமெண்டு முற்றமெங்கும் சிதறியது. ஞானபாக்கியம் எழுந்து, கையில் இருந்த தண்டை அவள் முகத்தில் விட்டெறிந்தாள். அவ்வளவுதான், கதவுகள் சாத்தப்பட்டன.

ஜோன்ஸுக்கு இரண்டு பேரும் தனித்தனியாகப் போன் செய்தார்கள். மூன்றாம் நாள், "ரெண்டு பேரும் எனக்கு போன் பண்ணாதீய" என்று ஒரே செய்தியை இருவருக்கும் அனுப்பிவிட்டு, இன்ஜினியர் ஒருவரை வீட்டுக்கு அனுப்பினான். பிரைட்டன் என்று பெயர். ஜோன்ஸோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன்.

பிரைட்டன் சின்னச் சுத்தியலால் கூரையைத் தட்டிக்கொண்டே போனான். பாதி இடத்தில் பொத்தென்று சத்தம் வந்தது. உதிர்ந்த காரையை விரலில் நொறுக்கிப் பார்த்தான்.

"கடல் மண்ணு கலந்து கெட்டியிருக்காவ. கம்பிய உள்ளுக்குள்ளயே தின்னுட்டு."

"பாத்தீயளா? என் செடி இல்ல" என்றாள் பிளாரன்ஸ், யாரையும் பார்க்காமல்.

"அப்படிச் சொல்ல முடியாது மைனி. உப்பு உள்ள இருந்திச்சி. தண்ணி நீங்க குடுத்தீய." பிறகு ஞானபாக்கியத்தின் பக்கம் திரும்பினான். "அக்கா, நீங்க போட்ட உப்பும் கரைஞ்சி இதுக்குள்ளதான் எறங்கியிருக்கும். அது வேற எங்க போவும்?"

பால்கனியை இடித்தே ஆகவேண்டும், ஒட்டுப்போட்டு நிற்காது என்றான் அவன்.

இடிக்க ஆள் வருவதற்குப் பத்து நாள் இருந்தது. பிளாரன்ஸ் பெட்டிகளைப் படியேற்றி மொட்டைமாடிக்குக் கொண்டுபோனாள். மேலே கிடந்த உப்பை வழித்தெடுத்துவிட்டு, லேபிலிருந்து கேன் கேனாகத் தண்ணீர் கொண்டுவந்து, அடியில் வடிந்து ஓடும்வரை ஒவ்வொன்றிலும் ஊற்றினாள். வடிகிற தண்ணீரை நாக்கில் தொட்டுப் பார்ப்பாள். கரித்தால் இன்னொரு கேன். ஒரு வாரம் அப்படிக் கழுவினாள். காகிதப்பூ பிழைத்தது. அடினியம் இரண்டில் ஒன்று பிழைத்தது. டேபிள் ரோஸில் எங்கோ ஓரத்தில் தப்பிய விரல்நீளத் தண்டு நான்கைக் கிள்ளிப் புதுமண்ணில் நட்டாள். குண்டுமல்லியைச் சுரண்டிப் பார்த்தாள். அடிவரை பட்டைக்குள் பச்சை இல்லை. அன்றைக்குத்தான் அழுதாள். செடிக்காக மட்டும் அழவில்லை என்பது அவளுக்கே தெரிந்திருந்தது. எட்டுப் பிள்ளைகள் என்ற எண்ணிக்கை அவள் காதை விட்டுப் போகவில்லை. பூவால் மூடிவைத்த காவிக்கோட்டைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஜோன்ஸிடமும் சொல்லவில்லை.

பால்கனி ஒரே பகலில் போய்விட்டது. ஹால் கதவைத் திறந்தால் நேரே தெரு. குறுக்கே கம்பி அடித்து மூடினார்கள். ஞானபாக்கியம் தாழ்வாரத்துக்குத் தகரம் போட்டாள். தகரச் சூட்டில் பிள்ளைகள் உட்கார மாட்டேன் என்றதால் டியூஷனை உள்ளறைக்கு மாற்றினாள்.

மொட்டைமாடியில் பிளாரன்ஸ் இரும்பு ஸ்டாண்டு அடித்து, பிரைட்டன் காட்டிய உத்தரத்துக்கு நேர்மேலே வைத்தாள். இந்தமுறை பெட்டிக்குப் பெட்டி தட்டு. மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் ஆடி மாதத்தில் ஸ்டாண்டைச் சுவரோடு கயிறு போட்டுக் கட்டினாள். மொட்டைமாடி பொது என்பதால் பூட்டுப் போட முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் கோயிலுக்குப் போய்வந்த சேலையோடு ஞானபாக்கியம் மாடிக்கு ஏறுவாள். தரையில் ஈரம் இருக்கிறதா என்று ஸ்டாண்டுக்கு அடியில் குனிந்து உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். பிளாரன்ஸ் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்பாள். பேச்சு கிடையாது.

அடுத்த ஏப்ரலில், டேபிள் ரோஸ் மறுபடி விரியத் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஞானபாக்கியம் கடைசிப் பெட்டிக்கு முன்னால் நின்றாள்.

"இந்தத் தட்டு நெறஞ்சி கெடக்கு."

பதினோரு மாதத்தில் பிளாரன்ஸிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது.

"பாத்துக்கிடுதேன்" என்றாள் பிளாரன்ஸ். தட்டை எடுத்து வாளியில் கவிழ்த்தாள்.

ஞானபாக்கியம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கிப் போனாள். கீழ்வீட்டுக் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும்வரை பிளாரன்ஸ் நகரவில்லை. பிறகு ஒவ்வொரு பெட்டியாக மூடாக்கை விலக்கி, மண்ணை விரலால் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றத் தொடங்கினாள்.